கதவைத் தட்டும் உரிமை

கலிபோர்னியாவில் ஒரு சிறு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் ஒரு பெரியவர்: "ராத்திரியிலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது. மத்தியானம் வந்தா போதுமா?" எடுத்துப் பேசுபவர் மெடிக்கல் அசிஸ்டன்ட். நர்ஸ் பிராக்டிஷனர் உள்ளே இன்னொரு நோயாளியோடு இருக்கிறார். வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். "போதும், வாங்க" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது ஒரு மருத்துவ முடிவு. அதை எடுக்க அவருக்குப் பயிற்சியும் இல்லை, அந்த மாநிலச் சட்டத்தில் அனுமதியும் இல்லை.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் அதைத் தொடங்கிவைத்தார்கள். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தப் பணியில் இருப்பவர்கள் நோயறிந்து மருந்தும் எழுதுகிறார்கள். மெடிக்கல் அசிஸ்டன்டின் நிலை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கென்று உரிமம் கிடையாது. கலிபோர்னியாவில் ஊசி போடுவதற்கு முன் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி பெற்று, ஒவ்வொரு வகை ஊசியையும் 10 முறை சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அதன்பின் தடுப்பூசி போடலாம். நரம்பில் டிரிப்ஸ் ஏற்றக் கூடாது.

இப்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை. எல்லோருடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் தானே பார்ப்பேன் என்று ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் நின்றால், அன்றைக்குப் பார்க்க முடியாமல் திரும்பிப் போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஸ்பானிஷ் பேசும் நோயாளி, தன் மொழி பேசும் உதவியாளரிடம்தான் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதை ஒப்புக்கொள்கிறார் என்பதும் உண்டு.

சரியான பணி, சரியான சூழல், சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை என்று வேலையை ஒப்படைப்பதற்கு அமெரிக்கச் செவிலியர் துறை ஐந்து நெறிகளைச் சொல்கிறது. இவற்றில் வழுக்குவது சூழல். வழக்கமான பரிசோதனைக்கு வந்த இளைஞனின் ரத்த அழுத்தம் குறித்துவைக்க வேண்டிய ஒரு எண். தலைவலியோடு வந்திருக்கும் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அதே எண் அபாய அறிகுறியாக இருக்கலாம். கருவியும் கையும் ஒன்றுதான். ஒப்படைத்த வேலை வேறாகிவிட்டது. "140-க்கு 90-ஐத் தொட்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லாதவர், தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவைத்தவர்தான்.

தமிழில் வேலை ஏவுவது வேறு, ஒப்படைப்பது வேறு. ஏவப்பட்டவர் மறுக்க முடியாது. கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டின் சம்பளம் குறைவு. அவர் வேலை எப்படி என்று மேலே சொல்பவரும் பெரும்பாலும் வேலை கொடுக்கிற அதே ஆள்தான். "இதை நான் செய்ததில்லை" என்று அவர் ஒருமுறை சொல்லி, பதிலுக்கு ஒரு பெருமூச்சு கேட்டால் மறுமுறை சொல்ல மாட்டார். பயிற்சிச் சான்றிதழ்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியாக வேண்டும். மறுக்க இடமில்லாதவரிடம் கொடுத்த வேலையை ஒப்படைப்பு என்று சொல்வது பொய். நோயாளி அவரை "நர்ஸ்" என்று அழைக்கும்போது யாரும் திருத்தாமல் விடுவதும் பொய்தான். தன் உடம்பில் ஊசி ஏற்றுபவர் யார் என்று அறிய நோயாளிக்கு உரிமை உண்டு.

ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கதவைத் தட்டினால் வேலை நடக்குமா என்று கேட்பார்கள். தாமதமாகும், உண்மைதான். உதவியாளரால் மிச்சமான நேரத்திலிருந்துதான் அந்த நிமிடங்களையும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் இன்னும் இணைப்பில் இருக்கிறார். உதவியாளர் அவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறார். நர்ஸ் பிராக்டிஷனர் தாளைப் படித்துவிட்டு, உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழைக்கச் சொல்கிறார். பிறகு, உள்ளே காத்திருக்கும் நோயாளியிடம் திரும்பும் முன், "தட்டினது நல்லதாப் போச்சு" என்கிறார்.