மனுவுக்கு உரிய முகவரி

தனி ஒருவருக்கு உரியதாக இல்லாமல், ஒரு பதவியின் பெயரிலோ பிரிவின் பெயரிலோ அமைந்து, அலுவலர் பலர் மாறிமாறித் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியைப் பொது முகவரி எனலாம். அதற்குக் கேளாமலே விளம்பரம் அனுப்புவது தகுமா என்னும் வினாவுக்குச் சட்டம் தெளிவான விடை தருவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஆளை அடையாளம் காட்டும் தரவையே காக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைபேசி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் கட்டுப்படுத்துகின்றனவே அன்றி மின்னஞ்சலைத் தொடுவதில்லை.

விற்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் வாங்கும் அலுவலகத்துக்கு, அவற்றைச் செய்பவர் தம்மை அறிமுகப்படுத்தி ஒருமுறை எழுதுவது தவறாகாது. ஊழியரின் சொந்த முகவரியைத் தேடிப்பிடித்து எழுதுவதைவிட அது நாகரிகமானதுங்கூட. முகவரியை அலுவலகமே ஊரறிய வெளியிட்டிருக்கிறதே என்றும் அவர் கேட்கலாம். ஆனால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அலுவலக விவரங்களை வெளியிடச் சொல்வது குடிமக்களுக்காகவே ஆதலால், அந்த வெளியீட்டை வணிகருக்கு அளித்த இசைவாகக் கொள்வது பொருந்தாது.

புதுச்சேரியில் 1973ஆம் ஆண்டுக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளை நோக்கினால், குடிமக்களுக்கும் வணிகருக்கும் இடையிலான இவ்வேறுபாட்டின் கனம் விளங்கும். 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின்னர்ப் பல்லாண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் நடவாமையால், வார்டு உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொல்லித் தீர்த்துக்கொள்ளத்தக்க வாய்க்கால் அடைப்பும் எரியாத தெருவிளக்கும் ஆணையர் அலுவலகத்துக்கே மனுவாகச் செல்ல வேண்டியவையாயின. ‘உயர்திரு ஆணையர் அவர்களுக்கு’ என்று தொடங்கும் அத்தகைய மனு, அச்சுப்பொறி மையின் தள்ளுபடி அறிவிப்புக்கும் பயிற்சி வகுப்பு அழைப்புக்கும் நடுவே கிடக்குமானால், எது மனு, எது விளம்பரம் என்று பிரித்தறிய எழுத்தர் ஒவ்வொன்றையும் திறந்தே ஆக வேண்டும். குப்பை அஞ்சல் வடிகட்டியைக் கடுமையாக்கினாலோ மனுவும் அதில் சிக்கக்கூடும்.

இசைவு என்பது ஆள் தருவது, நாற்காலி தருவதன்று. ஓர் எழுத்தர் விரும்பிப் பதிந்த விளம்பரம் அவர் மாற்றலாகிப் போன பின்னும் அடுத்தவருக்கு வந்துகொண்டிருக்கும். ஒருவர் வேண்டாமென்று நீக்கினால் அது தேவைப்படும் மற்றவருக்கும் நின்றுபோகும். ஆகவே, அலுவலகப் பணிக்குத் தொடர்புடையதை, அனுப்புநர் யாரென மறைக்காமல், ஒருமுறை மட்டும் அனுப்பி, மறுமொழி வராவிடில் நிறுத்திக்கொள்வதே முறை. கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளியும், 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையும் உள்ளன. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு மொத்தமாக அனுப்புவதற்கு இவ்வகையில் நியாயமில்லை. ஏனெனில் அதன் செலவை ஏற்பவர் விற்பவரும் அல்லர், அலுவலர் மட்டும் அல்லர், அந்தப் பேரத்தில் எந்தப் பங்கும் இல்லாத மனுதாரருந்தான்.