பாழடைந்த வீட்டிலும் ஓர் அமானிதம்

 



ஆள் இல்லாத வீடு என்றால் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போய்விடுகிறோம். உள்ளே பாம்பு இருக்கும், இரவில் வேண்டாதவர்கள் ஒதுங்குவார்கள் என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். ஒருநாள் இயந்திரம் வந்து அதை இடித்துத் தள்ளினால், "தொல்லை ஒழிந்தது" என்கிறோம். ஆனால் அந்த வீட்டின் நிலையும் கதவும் உத்தரமும் செங்கல்லும் அல்லாஹ் கொடுத்த பொருட்கள்தாமே? அவற்றைப் பற்றி மறுமையில் கேள்வி இல்லையா? அந்தக் கேள்வியைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

மஸ்ஜிதுந் நபவீ எழுந்த இடம்

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்ததும் பள்ளிவாசலுக்காகத் தேர்ந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? அனஸ் (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள்: அங்கே பழைய கப்றுகள் இருந்தன, பாழடைந்த கட்டடச் சிதைவுகள் இருந்தன, பேரீச்ச மரங்கள் இருந்தன. நபியவர்களின் கட்டளைப்படி சிதைவுகள் சமப்படுத்தப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களைத் தோழர்கள் வீசிவிடவில்லை. கிப்லா திசையில் வரிசையாக அவற்றையே நிறுத்தினார்கள். வாசலின் இரு பக்கமும் கற்களை வைத்தார்கள். (நூல்: புகாரி)

உலக முஸ்லிம்கள் கண்ணீரோடு தேடிப் போகும் அந்தப் பள்ளி, பாழ்நிலத்தில், அங்கேயே கிடைத்த மரத்தைக் கொண்டு எழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அனாதைச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. அவர்கள் அதை அன்பளிப்பாகத் தர முன்வந்தும் நபியவர்கள் இலவசமாக ஏற்கவில்லை, விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரியின் மற்றோர் அறிவிப்பு சொல்கிறது. முதலில் உரிமை தீர்ந்தது. அதன் பிறகுதான் மரத்தின் மீது கோடரி விழுந்தது.

அதற்கும் முன்னால், நபித்துவத்துக்கு முந்திய காலத்தில், குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்தபோது கூரைக்கு மரம் எங்கிருந்து வந்தது? ஜித்தா கரையில் உடைந்து ஒதுங்கிய ஒரு கப்பலின் பலகைகளிலிருந்து என்று இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார்கள். மரம் பழையதாக இருக்கலாம், ஆனால் பணம் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். அப்படிச் சேர்ந்த பணம் போதாமல்தான் ஹிஜ்ர் பகுதி கட்டடத்துக்கு வெளியே விடப்பட்டது.

செத்த ஆட்டின் தோல்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டார்கள். அது செத்துவிட்டதே என்றார்கள் தோழர்கள். அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று நபியவர்கள் விளக்கினார்கள். (நூல்கள்: புகாரி, முஸ்லிம்)

செத்துப்போன ஆட்டிலும் பயன்படும் பகுதியைப் பார்க்கச் சொன்ன மார்க்கம் இது. அப்படியானால் செத்துப்போன வீட்டில்? கூரை இறங்கிய வீட்டிலும் நூறாண்டு கண்ட தேக்கு நிலை ஒன்று உறுதியாக நிற்கிறது. வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை அல்அஃராஃப் 31-ஆம் வசனம் உணர்த்துகிறது. நாம் அதைச் சாப்பாட்டுத் தட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பால்டிமோர் தரும் படிப்பினை

இன்றைய உலகில் இதை நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1950-இல் ஏறத்தாழ 9,50,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 5,85,708 ஆகச் சுருங்கியது. ஆலைகள் மூடின, மக்கள் வெளியேறினார்கள், ஆயிரக்கணக்கான செங்கல் வீடுகள் காலியாகக் கிடந்தன. 2022 ஜனவரியில் அப்படி ஒரு காலி வீட்டில் பிடித்த தீயை அணைக்கப் போன மூன்று வீரர்கள், கட்டடம் சரிந்து உயிரிழந்தார்கள். கைவிட்ட வீடு யாரோ ஒருவருடைய உயிரைக் கேட்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த ஊரில் ஹியூமானிம் என்ற தொண்டு நிறுவனம், இடிக்க வேண்டிய வீடுகளைக் கையால் பிரிக்கும் வேலையைத் தொடங்கியது. கட்டிய வரிசைக்கு நேர்மாறாகப் பிரிப்பார்கள். கடைசியில் மாட்டிய கதவும் ஜன்னலும் முதலில் வரும். பிறகு தரைப்பலகை, கூரை, உத்தரம், கடைசியில் சுவர். பழைய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. அதனால் செங்கல் உடையாமல் கழன்று வரும். பலகையிலிருந்து ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். அந்தக் கல்லும் மரமும் மீண்டும் விற்பனைக்குப் போனது, மேசை நாற்காலியாகவும் மாறியது.

இயந்திரம் ஓரிரு நாளில் முடிக்கும் வேலைக்குக் கைகள் பல நாட்கள் எடுக்கும். அதுவே நஷ்டம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பல நாட்களும் பல பேருக்குக் கூலி. யாருக்குக் கூலி? சிறைக்குப் போய் வந்ததால் யாரும் வேலை தராத அதே ஊர் இளைஞர்களுக்கு. மீட்கப்பட்டது மரம் மட்டும் அல்ல, சகோதரர்களே!

போர்ட்லாந்து நகரம் ஒரு படி மேலே போய், 1916-க்கு முன்பும் அந்த ஆண்டிலும் கட்டிய வீடுகளை இடிப்பதானால் கையால் பிரித்தே ஆக வேண்டும் என்று 2016-இல் சட்டம் போட்டது. 2020-இல் அந்த வரம்பை 1940 வரை நீட்டியது.

சிகாகோவில் நம் முஸ்லிம் சகோதரர்களின் அமைப்பு ஒன்று 1997 முதல் இயங்குகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஈமான்' என்று வரும். கடன் கட்ட முடியாமல் பறிபோய்க் காலியாகக் கிடந்த வீடுகளை எடுத்து, சிறையிலிருந்து திரும்பியவர்களுக்குத் தச்சு வேலையும் மின்வேலையும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையாலேயே புதுப்பித்தார்கள். விளக்கு எரியாத தெருவில் மறுபடி விளக்கு எரிந்தது.

உரியவர் யார் என்று கேளுங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரியது என்ற நபிமொழியைக் காட்டி, பூட்டிக் கிடக்கும் வீட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சட்டம் யாருக்கும் உரிமையில்லாத நிலத்துக்கு. பூட்டிய வீட்டுக்கு உரியவர் இருக்கிறார். அவர் துபையில் இருக்கலாம், கப்றில் இருக்கலாம். கப்றில் இருந்தால் வாரிசுகள் இருக்கிறார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இரவோடு இரவாக ஜன்னல் கம்பியையும் செம்பு ஒயரையும் அறுத்துப் போவது மீட்பு அல்ல, திருட்டு. அதைத் தெரிந்தே மலிவு விலைக்கு வாங்குபவரும் அந்தப் பாவத்துக்குத் துணை போகிறார்.

மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் போன ஊரில் விழப்போன சுவர் ஒன்று இருந்தது. உணவு தர மறுத்த ஊர் அது. ஆனாலும் ஹிள்ர் அவர்கள் கூலி வாங்காமல் அதை நிமிர்த்தினார்கள். ஏன்? அதன் அடியில் இரண்டு அனாதைகளின் புதையல் இருந்தது. (அல்கஹ்ஃப் 77, 82) பழைய சுவருக்குப் பின்னால் யாருடைய ஹக் இருக்கிறது என்று பார்க்கும் பார்வை அது.

நம் தெருவுக்கு வருவோம்

நம் ஊர்களிலும் பர்மா தேக்கு நிலையோடு பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பலவற்றைக் கரையான் தின்னவில்லை, பாகம் பிரிக்காத பிடிவாதம் தின்கிறது. வாப்பா மவுத்தாகி இருபது வருடம் ஆகியும் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் பங்கு கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டி வருமே என்று வீட்டை விற்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. மழைக்கு மழை கூரை இறங்குகிறது. ஒரே சுவருக்குள் இரண்டு பாவம்: உரியவரின் பங்கைத் தடுத்தது ஒன்று, பொருளைப் பாழாக்கியது இன்னொன்று.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, ஷரீஅத் சொன்னபடி பாகத்தைப் பிரியுங்கள். பெண் மக்களின் பங்கை அவர்கள் கையில் கொடுங்கள். இரண்டாவது, பழுது பார்த்தால் நிற்கும் வீட்டை இடிக்காதீர்கள், வாடகைக்காவது விடுங்கள். மூன்றாவது, இடித்தே ஆக வேண்டும் என்றால் இயந்திரத்தைக் கூப்பிடும் முன் ஒரு ஆசாரியையும் கொத்தனாரையும் கூப்பிட்டு எது தேறும் என்று கேளுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், விவரம் தெரிந்தவரைக் கொண்டு கழற்றுங்கள். வேலை செய்பவரின் நெஞ்சுக்குள் அந்தத் தூசி போகக் கூடாது.

தேறியதில் விற்பதை விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் பக்கத்துத் தெருவில் கதவுக்குப் பதில் சாக்குத் தொங்கும் ஒரு வீடு இருந்தால், வாரிசுகள் மனமொப்பி அங்கே ஒரு கதவைக் கொடுங்கள். மவுத்தான வாப்பாவின் பெயரில் அது ஸதகாவாக நிற்கும். நம் ஜமாஅத்தும் ஒரு கொட்டகை போட்டு நிலை, கதவு, ஓடு, செங்கல்லைக் கேட்டு வாங்கி வைத்தால், வீடு கட்ட உதவி கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுக்கலாம். பள்ளிவாசலின் பழைய பொருள் மட்டும் வேறு. அது வக்ஃபுச் சொத்து, ஆலிம்களிடம் கேட்காமல் தொடக் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் கையில் நீ தந்த பொருளைப் பாழாக்காத மக்களாக எங்களை ஆக்குவாயாக! உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்க்கும் மனதைத் தருவாயாக! இருண்டு கிடக்கும் எங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் தொழுகையையும் பிள்ளைகளின் ஓதலையும் மறுபடி கேட்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.