நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?

செனகல் நாட்டில், எம்பூர் பட்டணத்துக்குப் பக்கத்தில், மலிகுண்டா பம்பாரா என்று ஓர் ஊர். 1997 ஜூலை 31 அன்று அந்த ஊர்ப் பெண்கள் பத்திரிகைக்காரர்களை வரவழைத்தார்கள். பெண் பிள்ளைகளின் உறுப்பை அறுக்கும் சடங்கை இனிமேல் எங்கள் ஊரில் செய்யமாட்டோம் என்று அவர்கள் முன்னால் அறிவித்தார்கள். தோஸ்தான் என்ற அமைப்பின் வகுப்புகளில் படித்தவர்கள் அவர்கள். மாலி மெல்சிங் என்ற அமெரிக்கப் பெண் 1991-ல் தொடங்கிய அமைப்பு அது. எழுத்து, கணக்கு, உடல்நலம், மனித உரிமை எல்லாம் அங்கே உள்ளூர் மொழியிலேயே சொல்லித் தருவார்கள். இந்தச் சடங்கைப் பற்றிய பாடம் வந்தபோது முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு கிளம்பக் கொஞ்ச காலம் பிடித்தது. பேச ஆரம்பித்த பிறகு, இரத்தப்போக்கும் பிரசவத்தில் பட்ட பாடும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

உலகம் கைதட்டியது. சுற்றுவட்டாரத்தில் ஏச்சுதான் கிடைத்தது. ஏசியவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பம்பாரா மக்களிடையே அறுக்கப்படாத பெண்ணை ‘பிலாகொரோ’ என்று திட்டுவார்கள். அவள் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், அவளைக் கட்டிக்கொள்ளவும் ஆள் வராது. ஆகவே மகளைக் கத்திக்காரியிடம் கூட்டிப்போகும் தாய், அந்த ஊர்க் கணக்கில், பொறுப்புள்ள தாய். அவளுக்கு வலி தெரியாதா? அவளும் அந்தப் பாயில் கிடந்தவள்தானே.

கல்லூரியில் அறவியல் பாடம் நடத்தியவள் நான். வகுப்பில் தத்துவஞானி கான்ட்டை முடித்ததும் இந்த ஊரைக் கொண்டுவந்து மாணவிகள் முன்னால் வைப்பேன். விளைவைப் பார்க்காதே, கடமையைச் செய் என்கிறார் அவர். வானமே இடிந்து விழட்டும், நியாயம் நடக்கட்டும் என்கிற கட்சி. சரி. இங்கே வானம் இடிந்து விழப்போவது தாயின் தலையிலா? மகளின் தலையில் அல்லவா? ஒருத்தி மட்டும் துணிந்து கத்தியை மறுத்துவிட்டால் அவளுடைய மனசாட்சி சுத்தமாக இருக்கும். விலையை எட்டு வயதுக் குழந்தை வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியானால் ஊர் முழுக்கச் சேர்ந்து செய்தால் தப்பு சரியாகிவிடுமா, மேடம்?” ஆகாது. கத்தி இறங்கும்போது வலிப்பது ஓட்டெடுப்பால் குறைவதில்லை. தப்பு தப்புதான். அதை விட்டு வெளியேறும் வழி மட்டும் ஒற்றை ஆள் போகிற அகலத்தில் இல்லை.

இதைத் தத்துவப் பேராசிரியர்களைவிடத் தெளிவாகக் கண்டவர் கேர் சிம்பாரா என்ற சிற்றூரின் இமாம், தெம்பா தியாவாரா. மலிகுண்டா பெண்களின் முடிவு அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு தன் குடும்பத்துப் பெண்களிடமே விசாரித்தார். அதுவரை அவர் காதுக்கு எட்டாத கதைகள் எட்டின. மனம் மாறியது. ஆனாலும் மலிகுண்டா செய்தது போதாது என்ற தன் கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் ஊர் தனியாக முடிவெடுக்க முடியாது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து எடுக்க வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல், சொந்தபந்தம் இருக்கும் ஊர்களுக்கு நடந்தே போனார். யாரையும் பழிக்கக்கூடாது, கூசுகிற வார்த்தை கூடாது, உறவுக்காரர்களைக் கேள்வி கேட்கவிட்டுப் பேச வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட முறை. 1998 பிப்ரவரியில் தியாபுகு என்ற ஊரில் 13 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி ஒரே குரலில் உறுதி சொன்னார்கள்.

ஜெரி மாக்கி என்ற அரசியல் ஆய்வாளர், சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டும் வழக்கம் இதே வழியில்தான் ஒழிந்தது என்று 1996-லேயே எழுதியிருந்தார். மகளுக்குக் கட்டமாட்டோம், கட்டிய பாதமுள்ள பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம் என்று அங்கே குடும்பங்கள் சங்கம் வைத்து உறுதி எடுத்தன. இமாமுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

மார்க்கம் என்ன சொல்கிறது? குர்ஆனில் இந்தச் சடங்கு இல்லை. செனகலின் மிகப்பெரிய இனமான வொலோஃப் மக்கள் முஸ்லிம்கள்தான். அவர்களிடம் இந்த வழக்கம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்கா பின்பற்றும் மாலிக்கி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின் பழைய அறிஞர்கள் பலர் இதை நல்லதென்று சொல்லியிருக்கிறார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. 2006-ல் கெய்ரோவில் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள் இதற்கு மார்க்க ஆதாரம் இல்லை என்றார்கள். நல்லதுதான். ஆனால் இதில் இல்லை, அதில் இல்லை என்று கிதாபைப் புரட்டிக் காட்டுவதால் ‘நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடுவதில்லை. இமாம் என்ற பட்டம் தியாவாராவுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து பேசியது சம்பந்தி முறையில்தான்.

செனகல் 1999 ஜனவரியில் சட்டம் போட்டுத் தடுத்தது. அத்தோடு கதை முடியவில்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அறுக்கப்பட்டவர் என்றுதான் 2019 கணக்கெடுப்பும் சொல்கிறது. சட்டத்துக்கு முன்பே அறுக்கப்பட்டவர்களும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதை வைத்து மட்டும் முழுதாகச் சமாதானம் சொல்லிவிட முடியாது. மேடையில் உறுதி சொன்ன எல்லா ஊரும் வீட்டுக்குள் அதைக் காத்ததா என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருக்கிறது. எனக்கும் உண்டு.

பக்கத்து காம்பியாவில் 2015-ல் தடை வந்தது. 2023-ல், சிறுமிகளுக்கு அறுத்த மூன்று பெண்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தபோது, அதைக் கட்டியவர் ஓர் இமாம். அடுத்து, தடையையே நீக்கக் கோரும் மசோதா மார்க்கத்தின் பெயரால் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2024 மார்ச்சில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வாக்களித்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் அமைப்புகள் பேசித் திரிந்த பிறகு, ஜூலை 15 அன்று அதே மன்றம் அதைத் தள்ளியது. தடை நிலைத்தது. அபராதம் கட்டிய இமாமுக்கும் சொந்தபந்தம் இருக்கும். அவர் வீட்டுப் பெண்களிடம் யாராவது உட்கார்ந்து விசாரித்தார்களா என்பதுதான் என் கேள்வி.