எட்டுதான் இருக்கு

"சித்தப்பா, என்கிட்ட எட்டுதான் இருக்கு."

நியூ ஜெர்சியில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள் போனில் இதைச் சொன்ன தொனி, கடன் பாக்கியைச் சொல்வதுபோல் இருந்தது. எட்டு என்றது ஆராய்ச்சிகளை. அவளுக்குத் தோல் மருத்துவத்தில் ரெசிடென்சி, அதாவது முதுநிலைப் பயிற்சி இடம், வேண்டும்.

வீண் பயம் என்று தள்ள முடியவில்லை. இங்கே அமெரிக்காவில் ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய மேட்ச் அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கில், தோல் மருத்துவத்தில் இடம் பிடித்த அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி ஆராய்ச்சி எண்ணிக்கை 20-ஐத் தாண்டியிருந்தது. மூளை, நரம்பு அறுவைக்கு அது 25. குடும்ப மருத்துவத்தில் ஒற்றை இலக்கம்; அந்தப் பக்கம் போகிறவர்கள் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை.

ஆனால் அந்த 20 என்பது இருபது கட்டுரைகள் அல்ல. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கம், ஒட்டிய போஸ்டர், பேசிய பேச்சு, அச்சான கட்டுரை எல்லாம் ஒரே கூடை. ஒரே வேலையை மூன்றாக எண்ணலாம். எண்ணுகிறார்கள்.

முன்பு மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 1 தேர்வின் மூன்று இலக்க மதிப்பெண்தான் சல்லடை. 2022 ஜனவரியில் அதை வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாற்றினார்கள். பிள்ளைகள் மூச்சு விடட்டும் என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது. சல்லடை போனது, விண்ணப்பக் குவியல் போகவில்லை. இன்டர்னல் மெடிசின் நேர்முகத்தில் தேர்வு செய்யும் பக்கம் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன்: நூறு விண்ணப்பங்களைப் படித்துக் களைத்த கண் தானாகவே எண்ணைத் தேடும். என் கண்ணும்தான்.

சென்னையில் என்னோடு படித்தவர்கள் ஒரே நுழைவுத் தேர்வு எழுதி முதுநிலைக்குப் போனார்கள். ஆராய்ச்சி அவர்களுக்கு இடம் கிடைத்த பிறகு வந்த தீசிஸ். நான் இங்கே வந்து சம்பளமில்லாமல் ஓராண்டு ஆராய்ச்சி செய்தேன். அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்பியிராவிட்டால் அந்த ஓராண்டே இல்லை. (திறமையை அளப்பதாகச் சொல்லும் பட்டியலில் அண்ணன்களுக்குக் கட்டம் கிடையாது.)

வேலை இதுதான்: முந்நூற்றுச் சொச்சம் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்து, சேர்ந்த நாள், வீடு திரும்பிய நாள் என்று எக்செலில் ஏற்றுவது. மூன்று வாரம் கழித்து ஆயுள் முழுக்கப் பழகிய கை செய்த தப்பு தெரிந்தது. மார்ச் 5-ஐ நம் ஊர் வழக்கப்படி 5/3 என்று போட்டிருந்தேன். இந்த ஊர் எக்செல் அதை மே 3 ஆக்கிவிட்டது. தேதி பன்னிரண்டைத் தாண்டிய இடங்களில் அதற்கே புரியவில்லை; மற்ற இடங்களில் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. சில நோயாளிகள் சேர்வதற்கு முன்பே குணமாகி வீடு போயிருந்தார்கள். பேராசிரியரிடம் போய்ச் சொல்ல ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். சொன்னேன். எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். கடைசியில் அது கட்டுரையாகக்கூட வரவில்லை, ஒரு போஸ்டரோடு நின்றது.

என் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. நண்பன் எழுதிய கேஸ் ரிப்போர்ட்டில் நான்காவது பெயர் என்னுடையது. நான் திருத்தியது இரண்டு காற்புள்ளிகள். பட்டியலுக்கு அந்தப் போஸ்டரும் இதுவும் ஒன்று, ஒன்றுதான். நேர்முகத்தில் ஒரு பெரியவர் போஸ்டரைப் பற்றிக் கேட்டார். தேதிக் கதையைச் சொன்னேன். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். மற்றதைக் கேட்டுவிடுவாரோ என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "அந்த எட்டில் எதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏழாவது. ஆனா அது இன்னும் முடியல."

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எக்சிமா பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது. சாம்பல், ஊதா, பழுப்பு என்று வரும். சிவந்த படங்களைப் பார்த்தே படித்த கண் அதைத் தவறவிடும். அவள் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, இங்கே வந்திருந்தபோது அப்படித்தான் தவறியது. அதனால் தன் கல்லூரிப் பாடப் படங்களில் கறுத்த தோல் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறாளாம். நாற்பது நிமிடம் பேசினாள். நடுவில் இரண்டு முறை என்னைத் திருத்தினாள்.

வைக்கும் முன் கேட்டாள்: "இது முடிஞ்சா ஒண்ணா, ரெண்டா சித்தப்பா?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"போஸ்டரையும் சேர்த்தா ரெண்டு."

அந்த மேட்ச் அமைப்பின் கணக்குப்படி அவள் சொன்னதுதான் சரி.