தையலும் தற்புகழ்ச்சியும்

தன் கைத்தொழிலைத் தானே ஊருக்கு எடுத்துச் சொல்லிக்கொள்வது பண்பாகுமா என்னும் கேள்வி, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருவிலே ரவிக்கை தைத்து ஜீவனம் நடத்தும் ஒரு பெண்மணியின் வாயிலாக என்னிடம் வந்து சேர்ந்தது. அவருடைய கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். பெரிய கம்பெனி பராமரிப்புக்காகக் கதவை அடைத்தால், அதற்குச் சாமான் செய்து அனுப்பும் சிறிய கம்பெனிகளும் கூடவே நின்றுபோகிற பிரதேசம் இது. 'ஷட்டவுன்' என்று இங்கே வழங்கும் அந்த விடுமுறையில் வீட்டோடு இருந்த மனிதர், மனைவி தைத்த ரவிக்கைகளையும் ஆரி வேலைப்பாட்டையும் போனில் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கிவிட்டார். அந்த அம்மாளுக்கோ மனம் ஒப்பவில்லை. "நம்ம வேலையப் பத்தி நாமளே பீத்திக்கிறது நல்லாவா இருக்கும், சார்?" என்று என்னைக் கேட்டார்.

கேள்வி புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே இதை விசாரித்திருக்கிறார். எத்தனை அரிய நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று விதித்துவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே புலவனுக்குச் சில விலக்குகளையும் தருகிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இலக்கண ஆசிரியர் தையல் தொழிலை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த இரண்டாவது விலக்கு எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இராமானுஜர் அவதரித்த தலம் என்ற பிரசித்தி ஒன்றே போதுமென்றிருந்த காலத்தில், யார் கை சுத்தம், யார் துணியைத் திருப்பித் தர மாசக்கணக்கில் இழுப்பார் என்பதெல்லாம் ஊரில் சகலருக்கும் தெரிந்திருக்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கி, 2006-இல் நோக்கியா கைப்பேசியும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் வந்து, வட மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து நிறைந்துவிட்ட பிறகு, பக்கத்து அறையில் இருப்பவர் பெயரே தெரியாதபோது பக்கத்துத் தெருத் தையற்காரரின் திறமை எப்படித் தெரியும்? வல்லம் வடகாலில் 2024-இல் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. வாய்வழிப் புகழுக்குப் பல வருஷம் ஒரே இடத்தில் குடியிருக்கும் வாய்கள் வேண்டும். இங்கே அவை குறைவு. ஆகவே அறியாதவர்க்கு அறிவிப்பதைப் பீற்றல் என்று சொல்வதற்கில்லை என்றே அந்த அம்மாளிடம் சொன்னேன்.

ஆனால் இப்படி அறிவிக்க அவகாசம் தரும் ஓய்விலும் பேதம் உண்டு. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோதும், 2020 மார்ச் 25 முதல் தேசமே அடங்கிக் கிடந்தபோதும் இந்தப் பக்கத்து வீடுகளில் வந்து உட்கார்ந்தது கவலையே தவிர ஓய்வன்று. அப்போது விளம்பரம் செய்யப் புறப்பட்டவரின் குரலில் அவசரம் இருந்தால் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சம்பளத்தோடு வரும் அவகாசத்திலோ நிதானமாக யோசிக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், வயலில் வேலையில்லாத மாதங்களை வீணாக்க வேண்டாமென்று 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கிய விவசாயக் குடும்பத்தார் அவகாசத்தை நன்றாகவே பயன்படுத்தினார்கள்; அம்மியில் மசாலா அரைப்பது முதல் பந்தி பரிமாறுவது வரை அவர்கள் காட்டியது செய்கையைத்தான், சுயபுராணத்தையன்று. 2021-இல் அவர்களுடைய சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினர்.

அந்த அம்மாளின் கணவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தமும் இந்தச் சேனலே; எனக்கு ஆட்சேபமும் இதில்தான். சமையலைப் பார்ப்பதோடு கோடிப் பேர் திருப்தியடையலாம். ரவிக்கையை ஒரு கோடிப் பேர் பார்த்து என்ன பயன்? ஒரு தையல் மெஷினும் இரண்டு கைகளும் உள்ள வீட்டுக்கு, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து அளவு கொடுக்கக்கூடிய சில நூறு பெண்கள் அறிந்தால் போதும். அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாலேயே பெரும்பாலும் நிறைவேறிவிடும். அந்த அம்மாள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ரவிக்கையைப் புறம் திருப்பி உள்தையலைப் படமெடுக்கச் சொன்னார். கூலி எவ்வளவு, எத்தனை நாள் ஆகும், முகூர்த்த மாசத்தில் தைக்கப் புதுத் துணி வாங்கமாட்டேன் என்பதையும் எழுதச் சொன்னார். வாங்கமாட்டேன் என்று எழுதும் விளம்பரத்தை நான் அதிகம் கண்டதில்லை.

ஷட்டவுன் முடிந்து கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மணிக்கு இத்தனை உருப்படி என்று லைனில் கணக்குக் கேட்டுப் பழகிய அவருக்கு, இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தினம் ஒரு படமாவது ஏறாவிட்டால் உற்பத்தி நின்றுபோனதாகவே படுகிறது. நைட் ஷிப்டு முடிந்து வந்ததும் தூங்குவதற்கு முன்னே எத்தனை லைக் என்று பார்க்கிறார். "தெனம் போட இது என்ன, பேப்பரா?" என்கிறார் அந்த அம்மாள். நான் அவர் கட்சி. கணவர் இன்னும் இசையவில்லை.