கட்டிப்போடுதல்

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 10 மாதம்; 25 கிலோ. போன மாதம் காய்கறிப் பையோடு உள்ளே வந்த அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் தாவியது. அம்மா விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நான் அதைச் சங்கிலியாலேயே அடித்தேன்.

"வாயில்லா ஜீவன், அதுக்கு என்னடா தெரியும்?" என்றாள் அம்மா.

தெரியாதென்றால், நான் கொடுத்தது தண்டனை ஆகாது, வெறும் ஆத்திரம். தெரியும் என்றால்? கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் ஒரு தடவை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தது. என் பேச்சைத்தான் கேட்பதில்லை. பிரிட்டனில் 2020இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: 5 மாதத்தில் வளர்ப்பவர் சொல் கேட்ட நாய் 8 மாதத்தில் கேட்பதில்லை, அந்நியர் சொன்னால் கேட்கிறது. நம் வீட்டுப் பதினைந்து வயதுகளும் இப்படித்தான். அவர்களை யாரும் சங்கிலியில் கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. இரண்டு மாதக் குட்டியாக அது முழங்காலில் தாவியபோது தூக்கிக் கொஞ்சினோம்; வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். தாவினால் அன்பு கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். அது எதையும் மாற்றவில்லை, எடைதான் கூடியது. சட்டத்தை மாற்றியவன் சொல்லாமலே தண்டிக்கலாமா? வேட்டைக்கென்றே வளர்த்த இனம் என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான். ஓடவிட்டதோ காலையில் பத்து நிமிஷம்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அது தாவ வந்தால் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறாள். நான்கு காலும் தரையில் பட்ட பிறகு இடது கையால் தலையைத் தடவுகிறாள். மூன்று வாரத்தில் அவளிடம் தாவுவதை விட்டுவிட்டது.

என்னிடமும் தாவுவதில்லை. கொடியில் சட்டை எடுக்கக் கையைத் தூக்கினால், கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.