சிகரமும் சுமையும்

ஸ்ரீ ஆஞ்சநேயர் கண்டகியிலிருந்து ஏந்தி வந்த ஸாளக்ராமத்தை வழியில் இறக்கிவைக்க, அதுவே வளர்ந்து நாமகிரியாயிற்று என்பது நாமக்கல் ஸ்தல ஐதிஹ்யம். இதைக் கேட்டு வளர்ந்த வாழப்பாடி வட்டாரத்து ஆஸ்திகர்களுக்கு இமயம் அந்நியமன்று. அவ்விமயத்தில் நிகழ்ந்த ஒன்று, உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள சேவார்த்திகள் சிந்திக்கத்தக்கது.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் சற்றேறக்குறைய 8,849 மீட்டர். ஏற விழைவோர் பொருள் கொடுத்து, வழிகாட்டிகளுடன் கூடிய குழுக்களில் சேர்கின்றனர். 2023-ஆம் ஆண்டில் நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டுமே ஒருவருக்கு 11,000 டாலர். அவ்வாண்டு மே 18 அன்று கெல்ஜே ஷெர்பா என்னும் வழிகாட்டி, சீன நாட்டவர் ஒருவரை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். வழியில் மலேசிய நாட்டவர் ஒருவர் கயிற்றைப் பற்றியவாறு குளிரில் நடுங்கிக் கிடந்தார். பிராணவாயு குறைந்து, திடகாத்திரரும் தளரும் இடம் அது. ஏறுவதைக் கைவிடுமாறு தம்மை அமர்த்தியவரிடம் கெல்ஜே வேண்டினார், அவரும் இசைந்தார். நடுங்கியவரை விரிப்பில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும், 600 மீட்டர் அளவு கீழே இறக்க ஆறு மணி நேரம் சென்றது. மற்றொரு ஷெர்பாவும் துணைநின்றார். உயிர் பிழைத்தது.

மடாலயத்தில் பிரார்த்திப்பதைக் காட்டிலும் ஓருயிரைக் காப்பது மேல் என்று, பௌத்தரான கெல்ஜே பின்னர் செய்தியாளரிடம் கூறினார். திருவாராதனமே வாழ்வாகக் கொண்டோர்க்குச் சற்றே உறைக்கும் சொல்தான். ஆயினும் மறுக்க இயலுமோ? தமக்கு நரகமே வாய்ப்பினும் பிறர் உய்யவேண்டும் என்றன்றோ உடையவர் திருக்கோட்டியூரில் கோபுரமேறினார் என்று குருபரம்பரை கூறுகிறது! சேதனாசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது அவர் ஸித்தாந்தம். பனியில் கிடந்த அவ்வுடல் யாருடையது?

சுமந்தவரை உலகம் போற்றிற்று, தகும். உடன் திரும்பியவரைப் பற்றிப் பேசுவார் குறைவு. கெல்ஜேக்கு அது பழகிய மலை; மறுபடியும் ஏறுவார். மற்றவருக்கோ அதுவே ஒரே வாய்ப்பாகவும் இருந்திருக்கலாம். சில நூறு மீட்டரே எஞ்சியிருந்தது. "பொருள் கொடுத்தவன் யான், விழுந்தவரைக் காப்பது அவர் குழுவின் பொறுப்பு" என்று அவர் வாதித்திருந்தால், வழக்கு மன்றத்தில் அது நிற்கவும் கூடும். ஸந்நிதியில் நிற்குமா?

வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் வேளை. இரவெல்லாம் காத்திருந்தவரின் முன்னே முதியவர் ஒருவர் மயங்கிச் சாய்கிறார். தாங்கி வெளியே கொணர்ந்தால் வரிசை போய்விடும். அப்படி விலகிவந்து, மண்டபத்தூணருகே தீர்த்தம் கொடுத்து விசிறிக்கொண்டிருக்கும் ஓரிருவரைக் கோயில்தோறும் காணலாம். அவர்கள் உள்ளே வருவதற்குள் பெரும்பாலும் திரை சாத்தியிருக்கும்.